காப்பாற்றப்பட்ட பெண் குழந்தைகள் வளர்ந்தபோது

சர்க்கரை இல்லாத கோலா கேனைக் கையில் எடுத்தீங்கன்னா, பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'நாட் ஃபார் ஃபினைல்கீட்டோனூரிக்ஸ்'. யாருய்யா இவங்க, இவங்களுக்கு மட்டும் என்ன தனியா ஒரு எச்சரிக்கைன்னு நான் ரொம்ப நாள் யோசித்ததுண்டு. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்த கதை இது. பிறவி நோய்களின் வரலாற்றில் இதைப் பெரிய வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் வழக்கமாக அதைச் சொல்பவர்கள் 1963-ல் முடித்துவிடுகிறார்கள். பெண்களைப் பொறுத்தவரை கதையின் இரண்டாம் பாதியே அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நோய் என்னவென்று பார்த்துவிடுவோம். நாம் சாப்பிடும் பருப்பு, பால், முட்டை, கறி, ஏன் அரிசியில்கூடப் புரதம் இருக்கிறது. புரதம் உடைந்தால் கிடைக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று ஃபினைல்அலனின். தேவைக்கு மேல் இருப்பதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி வேறொன்றாக மாற்றிவிடும். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் அந்த நொதி வேலை செய்யாது. ஃபினைல்அலனின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். பிறக்கும்போது குழந்தை நன்றாகத்தான் இருக்கும். பால் குடிக்கக் குடிக்க, மாதம் போகப் போக, மூளை பாதிக்கப்படும். இதுதான் ஃபினைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யு. கோலாவில் போடும் அஸ்பார்ட்டேம் என்ற இனிப்பூட்டியும் உடைந்தால் ஃபினைல்அலனின் தருகிறது. கேனில் அந்த வரி இருப்பது அதனால்தான்.

இதைக் கண்டுபிடித்தது ஒரு டாக்டர் என்று புத்தகங்களில் இருக்கும். அவருக்கு முன்னால் ஓர் அம்மா இருக்கிறார். நார்வேயில் போர்க்னி எகலாண்ட் என்ற பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள். லிவ், டாக். இரண்டுமே வளர்ச்சி குன்றிய குழந்தைகள். அவர்களின் சிறுநீரில் ஒரு விநோதமான வாடை அடிக்கிறது என்று அவர் டாக்டர் டாக்டராகப் போய்ச் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934-ல் ஆஸ்லோவில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவரிடம் போனார். அவர் மருத்துவர் மட்டுமல்ல, வேதியியலும் படித்தவர். சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். வரவேண்டிய நிறம் வராமல் பச்சையாக மாறியது. காரணப் பொருளைப் பிரித்தெடுக்க லிட்டர் கணக்கில் சிறுநீர் தேவைப்பட்டது. அதைச் சேகரித்துக் கொண்டுவந்து கொடுத்தவர் அந்த அம்மாதான். பிறகு ஃபோலிங் காப்பகங்களில் இருந்த 430 பேரைச் சோதித்து, இதே நோய் உள்ள இன்னும் எட்டுப் பேரைக் கண்டுபிடித்தார். போர்க்னியின் குழந்தைகளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை.

அடுத்த கட்டத்திலும் ஓர் அம்மாவின் பிடிவாதம்தான். 1951, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனை. ஷீலா ஜோன்ஸுக்கு 17 மாதம். உட்கார முடியாது, நிற்க முடியாது, எந்நேரமும் முனகல். ஹார்ஸ்ட் பிக்கல் என்ற இளம் டாக்டர் இது பி.கே.யு. என்று கண்டுபிடித்துச் சொன்னார். "சரி, இதுக்கு என்ன செய்யப்போறீங்க?" என்பதுதான் அந்தத் தாய் கேட்ட கேள்வி. ஒன்றும் செய்ய முடியாது என்ற பதிலை அவர் ஏற்கவில்லை. தினமும் காலையில் ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார். கடைசியில் பிக்கலும், ஜான் ஜெரார்டும், ஈவ்லின் ஹிக்மன்ஸும் லண்டனைச் சேர்ந்த லூயிஸ் வுல்ஃப் சொன்ன ஒரு யோசனையை எடுத்துக்கொண்டார்கள். பால் புரதத்தை உடைத்து, கரியில் வடிகட்டி, ஃபினைல்அலனினை மட்டும் நீக்கிய ஒரு கலவையைத் தயாரித்தார்கள். குடிக்க மகா கண்றாவியாக இருக்கும். ஆனால் வேலை செய்தது. ஷீலா தவழ்ந்தாள், நின்றாள், வெளிறிய முடி கறுக்க ஆரம்பித்தது.

உண்மையிலேயே உணவினால்தானா என்று உறுதி செய்ய, அம்மாவுக்குத் தெரியாமலே ஃபினைல்அலனினைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்கள். சில நாட்களில் குழந்தை கற்றதெல்லாம் போய்விட்டது. பிறகு அம்மாவிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, அதையே மீண்டும் செய்து படம் பிடித்தார்கள். இன்றைக்கு இப்படிச் செய்தால் நெறிமுறைக் குழு சும்மா விடாது. 1953-ல் கட்டுரை வெளியானது.

ஆனால் மூளை கெட்ட பிறகு உணவு கொடுத்து முழுசாக மீட்க முடியாது. பிறந்த சில நாட்களுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்ற நுண்ணுயிரியலாளர் அதற்கு வழி செய்தார். அவருடைய மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. மைத்துனியின் மகளுக்கு பி.கே.யு. இருப்பது 15 மாதத்தில்தான் தெரிந்தது, அதற்குள் பாதிப்பு நடந்து முடிந்திருந்தது. பச்சிளங்குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் ஒற்றி எடுத்து, அதை வைத்தே ஃபினைல்அலனின் அளவைக் கண்டுபிடிக்கும் எளிய, மலிவான சோதனையை அவர் உருவாக்கினார். 1963-ல் மாசச்சூசெட்ஸ் மாநிலம் இதை எல்லாக் குழந்தைகளுக்கும் சட்டமாக்கியது. மற்ற மாநிலங்களும் நாடுகளும் பின்னாலேயே வந்தன.

வெற்றிக் கதை இங்கே முடியும். இப்போது அதே 1963-க்குத் திரும்பிப் போவோம்.

அந்த வருடமே மாப்ரி என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் கென்டக்கியிலிருந்து ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். பி.கே.யு. உள்ள தாய்மார்களுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாட்டோடு குழந்தைகள் பிறக்கின்றன, ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு பி.கே.யு. இல்லை என்பதுதான் செய்தி. 1950-களிலேயே லண்டனைச் சேர்ந்த சார்ல்ஸ் டென்ட் இதைக் கவனித்துச் சொல்லியிருந்தார்.

எப்படி இது? குழந்தைக்கு அப்பாவிடமிருந்து நல்ல மரபணு கிடைத்திருக்கும். அதன் உடம்பில் பழுது இல்லை. ஆனால் ஒன்பது மாதம் அது இருப்பது அம்மாவின் ரத்தத்தை நம்பித்தானே? அம்மாவின் ரத்தத்தில் உள்ள ஃபினைல்அலனினை நஞ்சுக்கொடி இன்னும் கூட்டித்தான் குழந்தைக்கு அனுப்புகிறது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிறந்த பிறகு குதிகால் சோதனை செய்தால் எல்லாம் சரி என்று வரும். கெடுதல் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

1963-ல் இது யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை. அப்போது பி.கே.யு. உள்ள பெண்களில் பெரும்பாலானோர் காப்பகங்களில் இருந்தவர்கள். கல்யாணம், பிள்ளை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நினைத்தார்கள். ஆனால் சோதனையால் தப்பித்த பெண் குழந்தைகள் மற்றப் பிள்ளைகளைப் போல வளர்ந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். மூளை வளர்ச்சி முடிந்துவிட்டது, இனிமேல் கவலையில்லை என்று அமெரிக்காவில் பல டாக்டர்கள் ஐந்து, ஆறு வயதிலேயே அந்த உணவுக் கட்டுப்பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்க, அந்த வீட்டில் எவ்வளவு பெரிய கொண்டாட்டமாக இருந்திருக்கும்! நாற்றமடிக்கும் பவுடர் கலவை இல்லை, தராசு வைத்து எடைபோட்ட சோறு இல்லை. பிறந்தநாளுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடலாம். மருத்துவமனைக்குப் போவதும் நின்றுபோனது. சின்ன வயதில் எனக்கு ஏதோ பத்தியம் இருந்துச்சு என்ற நினைவு மட்டும் மிச்சம்.

இந்தப் பெண்களுக்குப் பிள்ளை பெறும் வயது வந்தபோது, 1980-ல், ரோஜர் லெங்கியும் ஹார்வி லெவியும் உலகம் முழுவதிலுமிருந்து தகவல் திரட்டி வெளியிட்டார்கள். 155 பெண்கள், 524 கர்ப்பங்கள். தாயின் ஃபினைல்அலனின் அளவு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களின் குழந்தைகளில் 92 சதவீதத்துக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. 73 சதவீதத்துக்குத் தலை சிறுத்திருந்தது. 12 சதவீதத்துக்கு இதயக் கோளாறு.

இரண்டு வருடம் கழித்து கிர்க்மன் என்ற மரபியலாளர் ஒரு கணக்குப் போட்டார். காப்பாற்றப்பட்ட பெண்கள் மற்றவர்களைப் போலப் பிள்ளை பெற்று, அந்தக் கர்ப்பங்களுக்குச் சிகிச்சை இல்லாமல் போனால், பி.கே.யு.வினால் வரும் மூளைப் பாதிப்பு ஒரே தலைமுறையில் பழைய அளவுக்கே திரும்பிவிடும். கத்ரி சோதனை சம்பாதித்துக் கொடுத்த அத்தனையும் வீண். அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இனி அந்தப் பெண்களைத் தேட வேண்டும். கல்யாணமானால் குடும்பப் பெயர் மாறிவிடும் நாடு அது. குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த பழைய கோப்பை வைத்துக்கொண்டு இருபது வருடம் கழித்து ஒரு பெண்ணைத் தேடுவது லேசான வேலையா? லேசான வகை பாதிப்பு உள்ள சிலருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. மாசச்சூசெட்ஸில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தபோது, குழந்தை பெற்ற பிறகுதான் சில தாய்மார்களுக்கு பி.கே.யு. இருப்பதே வெளியே வந்தது.

1984-ல் ரிச்சர்ட் காக் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பெரிய கூட்டு ஆய்வு தொடங்கியது, பிறகு ஜெர்மனியும் சேர்ந்தது. 2002 வரை நடந்தது. கருத்தரிக்கும் முன்பே, அல்லது போனால் போகிறது என்று எட்டுப் பத்து வாரத்துக்குள்ளாவது, ஃபினைல்அலனின் அளவை 2-லிருந்து 6 மில்லிகிராமுக்குள் கொண்டுவந்து அப்படியே வைத்திருந்தால் குழந்தைகள் நல்லபடியாக இருந்தார்கள். தாமதமாக ஆகப் பாதிப்பு கூடியது. இதயம் உருவாவது முதல் எட்டு வாரத்தில். நாள் தள்ளிப்போய், உறுதி செய்து, டாக்டரைப் பார்க்கும்போதே பாதி நேரம் போயிருக்கும். அதனால்தான் 2000-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, கருத்தரிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது.

சொல்வது சுலபம். கடுமையான வகை பி.கே.யு. உள்ள ஒருவருக்கு ஒரு நாள் முழுவதுக்கும் ஏறக்குறைய 300 மில்லிகிராம் ஃபினைல்அலனின்தான் அனுமதி. ஒரே ஒரு முட்டையில் அது முடிந்துவிடும். நம்ம கணக்கில் சொன்னால் சாம்பார், தயிர், சுண்டல் எல்லாம் கிடையாது. சோறுகூட எடைபோட்டுத்தான். மீதிப் புரதம் முழுக்க அந்தப் பவுடர் கலவையில் இருந்துதான் வர வேண்டும், தினமும் மூன்று வேளை. பதினைந்து வருடம் எல்லாரையும் போலச் சாப்பிட்டுப் பழகியவர் அதற்குத் திரும்ப வேண்டும். அதுவும் மசக்கை நேரத்தில். வாந்தி எடுத்துப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைக்கும், அதிலிருந்தும் ஃபினைல்அலனின் ரத்தத்தில் ஏறும். சாப்பிட்டாலும் ஏறும், சாப்பிடாவிட்டாலும் ஏறும். அமெரிக்காவில் இந்தக் கலவைக்குப் பெரியவர்களுக்குக் காப்பீடு பணம் தருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. கட்டுப்பாட்டைக் காப்பாற்ற முடியாத பெண்களைப் 'பொறுப்பில்லாதவர்கள்' என்று யாராவது சொல்லும் முன் இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கணும்.

எது உதவியது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் 'ரிசோர்ஸ் மதர்ஸ்' என்று ஒரு முயற்சி நடந்தது. பி.கே.யு. சமையலில் கைப்பழக்கம் உள்ள பெண்களைப் பயிற்சி கொடுத்துக் கர்ப்பிணிகளின் வீட்டுக்கே அனுப்பினார்கள். எப்படி எடைபோடுவது, எதைச் சமைப்பது, கலவையை எப்படி விழுங்கிவைப்பது என்று கூடவே இருந்து காட்ட ஓர் ஆள். போர்க்னி எகலாண்ட் காலத்திலிருந்து இந்த நோயில் நடந்த உருப்படியான காரியங்களில் பாதி, சமையலறையில் இருந்தவர்கள் செய்ததுதான்.

எனக்கு ஒரு நெருடல் மட்டும் போகவில்லை. ஆறு வயதில் மருத்துவம் விட்டுவிட்ட இந்தப் பெண்களை அது மறுபடி தேடி வந்தது, அவர்கள் வயிற்றில் இருந்த குழந்தைக்காக. அவர்களுடைய சொந்த உடம்பு? கட்டுப்பாட்டை விட்ட பெரியவர்களுக்குக் கவனக் குறைவு, பதற்றம், மனச்சோர்வு எல்லாம் வருவது மெல்ல மெல்லத்தான் தெரியவந்தது. கலவையையும் நிறுத்திவிட்டு, பழக்கத்தால் கறியும் முட்டையும் தொடாமல் இருப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைபாடும் வரும். பிள்ளை பெற்றாலும் பெறாவிட்டாலும், ஆணானாலும் பெண்ணானாலும், இந்தச் சிகிச்சை வாழ்நாள் முழுக்க வேண்டும் என்ற முடிவுக்கு பிரிட்டன் 1993-லும் அமெரிக்கா 2000-லும்தான் வந்தன. 2007-ல் சப்ராப்டெரின் மாத்திரை வந்தது, சிலருக்கு மட்டும் பலன் தரும். 2018-ல் பெரியவர்களுக்கு பெக்வலியேஸ் ஊசி வந்தது. உணவுக் கட்டுப்பாடு இன்னும் பெரும்பாலோருக்குத் தொடர்கிறது.

இன்று பி.கே.யு. உள்ள ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போது, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை தன் விரலைத் தானே குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாள் அட்டையில் ஒற்றி, காயவைத்து, ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்புகிறார். பிறந்த சில நாளில் அவருடைய குதிகாலில் குத்தி எடுத்தார்களே, அதே மாதிரி அட்டைதான். இந்தத் தடவை குத்துவது அவர் கை.