கலெக்டர் தந்த தந்தக் கட்டில்

பவானி கூடுதுறையில் விடிவதற்கு முன்பே கூட்டம். திதி கொடுக்க வந்தவர்கள் ஒரு பக்கம், தோஷம் கழிக்க வந்தவர்கள் மறுபக்கம். காவிரியும் பவானியும் கண்ணெதிரே கலக்க, அமுத நதி கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்கிறது என்பது ஐதீகம். இங்கே முழுகி எழுந்தால் கெட்ட நேரம் ஆற்றோடு போய்விடுமாம். சம்பந்தர் பாடிய திருநணா இந்த ஊர்தான். கொங்கு ஏழு தலங்களில் ஒன்று.

ஈரத் தலையோடு சங்கமேஸ்வரரைக் கும்பிட்டு, வேதநாயகி அம்மன் சன்னதிக்கு வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு கட்டிலைப் பற்றி விசாரிப்பார்கள். அம்மனின் பள்ளியறைக்கென்று வந்த யானைத் தந்தக் கட்டில். கொடுத்தவர் வில்லியம் கேரோ, கும்பினியின் கோவை கலெக்டர். அவருடைய கையெழுத்தும் 11.1.1804 என்ற தேதியும் அதில் உண்டு.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பிறகு கொங்கு நாடு கும்பினியின் கைக்கு வந்தது. கலெக்டர் என்றால் அன்று வசூல்காரர். நிலவரிதான் முதல் வேலை. அப்படி வாங்க வந்தவர் ஏன் கொடுத்தார்?

பவானியில் கேரோ தங்கியிருந்த ஒரு மழை இரவில், சிறுமி ஒருத்தி வந்து அவரை வெளியே அழைத்தாளாம். அவர் வாசல் தாண்டியதும் மாளிகை இடிந்து விழுந்ததாம். வந்தவள் வேதநாயகி என்கிறது ஊர்.

கேட்ட கதைபோல் இருக்கிறதா? மதுரை கலெக்டர் ரவுஸ் பீட்டருக்கும் ஒரு மழை இரவு, ஒரு சிறுமி உண்டு. அங்கே அவள் மீனாட்சி. ஆகவே கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

எனக்கு முக்கியமாகப் படுவது கட்டில்கூட அல்ல, மதிற்சுவரில் இன்றும் காட்டப்படும் மூன்று துளைகள். மாற்று மதத்தவரான கேரோ வெளியே நின்றே அம்மனைத் தரிசிக்கப் போட்டவையாம். ஜில்லாவை ஆண்டவர் கோயில் கட்டுப்பாட்டை மீறி உள்ளே நுழையவில்லை. ஊரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. சுவரை விரலளவு விட்டுக்கொடுத்தது.

அதே 1804 நவம்பர் 24-இல் கோயம்புத்தூர் மாவட்டத் தலைநகரானது. அந்த நாளைத்தான் கோவை தினமாகக் கொண்டாடுகிறோம். 1979-இல் மாவட்டம் பிரிந்து பவானி ஈரோட்டோடு போயிற்று. கேரோ வசூலித்த வரி எவ்வளவு என்று பவானியில் கேட்டால் யாருக்கும் தெரியாது. கட்டிலைப் பற்றிக் கேளுங்கள், கூடுதுறையில் பூ விற்கும் அம்மாகூடச் சொல்வார்.

அடுத்த வாரம்: மீனாட்சியின் தங்க மிதியடிகளும் ‘பீட்டர் பாண்டிய’னும்.