மின்மினி என்று ஒரு ஜாக்கெட்

சாலை போடும் இடம், மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டும் இடம், விமானத்துக்குப் பெட்டி ஏற்றும் இடம்... எங்கே போனாலும் அந்த ஜாக்கெட் கண்ணில் படும். ஆரஞ்சு நிறம், இல்லாவிட்டால் எலுமிச்சை மஞ்சள். நடுவில் இரண்டு சாம்பல் பட்டை. கடையில் "ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்" என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பார்த்தால் அதில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இருப்பதாகத் தெரியாது.

ஆனால் அந்த ஒரு துணிக்குள் இரண்டு தனித்தனிக் கண்டுபிடிப்புகள் இருக்கின்றன. நிறம் பகலுக்கு, பட்டை இரவுக்கு. இரண்டும் வெவ்வேறு ஆட்களால், வேறு ஏதோ காரணத்துக்காகச் செய்யப்பட்டவை. தொழிலாளிக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும் என்று இவர்களில் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், நிறத்தின் கதை ஒரு வேலையிட விபத்தில்தான் தொடங்குகிறது!

1933. அமெரிக்காவின் கலிஃபோர்னியா. பாப் ஸ்விட்ஸர் என்ற கல்லூரி மாணவர் டாக்டராக வேண்டும் என்ற கனவோடு படித்துக்கொண்டிருந்தார். ஹெய்ன்ஸ் உணவு நிறுவனத்தில் கோடை வேலைக்குப் போன இடத்தில் கீழே விழுந்து தலையில் பலத்த அடி. நினைவு தப்பியது, கண் பார்வையும் பாதிக்கப்பட்டது. பார்வை தேறும்வரை இருட்டறையில் இருக்கச் சொன்னார்கள் மருத்துவர்கள். டாக்டர் கனவு அதோடு போயிற்று.

தம்பி ஜோ வேதியியல் படித்தவர். மேஜிக் பைத்தியம் வேறு. இருட்டில் பொருட்களை மிதக்க வைக்கும் வித்தைக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். அண்ணனோ இருட்டறையில் சும்மா கிடக்கிறார். இருவரும் சேர்ந்து ஒரு புற ஊதா விளக்கைத் தயார் செய்து, அப்பாவின் மருந்துக்கடைக்குள் இருட்டில் எடுத்துக்கொண்டு போனார்கள். அலமாரியில் இருந்த சில மருந்துகள் தாமாகவே ஒளிர்ந்தன. அவற்றை வார்னிஷில் கலந்து பெயிண்ட் செய்தார்கள். முதலில் மேஜிக் மேடை, பிறகு கடை அலங்காரம், பிறகு சினிமா விளம்பரம் என்று வியாபாரம் வளர்ந்தது. கிளீவ்லாந்து நகருக்குக் குடி பெயர்ந்தார்கள்.

இருட்டில் விளக்கு அடித்தால் ஒளிர்வது பழைய சங்கதி. வெயிலிலேயே ஒளிரும் சாயத்தைச் செய்ததுதான் சகோதரர்களின் சாதனை. சாதாரண ஆரஞ்சுத் துணி தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஆரஞ்சுப் பங்கை மட்டும் திருப்பி அனுப்புகிறது. இந்தச் சாயமோ கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் நீல ஒளியையும்கூட வாங்கி, அதையும் ஆரஞ்சாக மாற்றி வெளியே விடுகிறது. நூறு ரூபாய் நோட்டு மட்டும் செல்லும் கடையில், கையில் இருந்த வெளிநாட்டு நாணயத்தையும் மாற்றிச் செலவழித்த மாதிரி. அதனால்தான் அந்தத் துணி வெளிச்சத்தைவிட அதிக வெளிச்சமாக இருப்பது போலக் கண்ணை உறுத்துகிறது. மேகமூட்டத்திலும், விடியும் நேரத்திலும், பொழுது சாயும் நேரத்திலும் இது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் இந்தத் துணியைத் தரையில் விரித்து வைத்தது. கீழே இருப்பது நம் ஆட்கள், குண்டு போடாதே என்று விமானிக்குச் சொல்வதற்காக. (பாப் தன் மனைவியின் கல்யாண உடையில்தான் முதல் சாயத்தைத் தோய்த்துப் பார்த்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அந்த அம்மாவின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்!) சகோதரர்களின் நிறுவனம் 1969-இல் டே-க்ளோ என்று பெயர் மாறியது. 2012-இல் அமெரிக்க வேதியியல் சங்கம் இந்தக் கண்டுபிடிப்பைத் தேசிய வேதியியல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

சரி, நிறம் வந்துவிட்டது. ஆனால் இரவில் அது உதவாது. புற ஊதா ஒளி இல்லாத தெரு விளக்கின் கீழ் அந்த அபாரமான ஆரஞ்சு வெறும் வெளிறிய துணிதான். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ராத்திரி ஷிப்டுக்குப் பட்டை இல்லாத பளிச் நிற பனியனைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்புக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வது.

இரவின் கதைக்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். யார்க்ஷயரில் சாலை போடும் தொழில் செய்த பெர்சி ஷா, 1934-இல் சாலை நடுவே பதிக்கும் 'பூனைக்கண்' குமிழுக்குக் காப்புரிமை பெற்றார். வண்டியின் விளக்கு வெளிச்சத்தை அந்த வண்டியை நோக்கியே திருப்பி அனுப்பும் கண்ணாடிக் குமிழ். 1939-இல் போர் வந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து பிரிட்டன் முழுக்கத் தெரு விளக்குகளை அணைத்தார்கள். எதிரி விமானம் கொல்வதற்கு முன் சொந்த ஊர்க் காரும் பஸ்ஸும் கொல்ல ஆரம்பித்தன. நடைபாதை ஓரக் கல்லுக்கும் மரத்துக்கும் வெள்ளை அடித்தார்கள். வெளியே போகிறவர்கள் வெள்ளையாக எதையாவது அணியுங்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டது. அப்படியும் 1941-இல் பிரிட்டிஷ் சாலைகளில் இறந்தவர்கள் 9,169 பேர். அந்த நாட்டில் அதற்கு முன்னும் பின்னும் எந்த ஆண்டிலும் அவ்வளவு பேர் சாலையில் சாகவில்லை. கண்ணில் படாமல் இருப்பதன் விலை என்ன என்பதற்கு இதைவிடப் பெரிய கணக்கு வேண்டுமா?

அதே 1939-இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில், 3எம் நிறுவனத்தின் ஸ்காட்ச்லைட் தாள் ஒட்டிய முதல் சாலைப் பலகை நின்றது. பூனைக்கண் செய்த வேலையைப் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளை வைத்துச் செய்தார்கள். ஒவ்வொரு மணியும் தன் மேல் விழும் ஒளியை வளைத்துப் பின்னால் குவிக்கிறது. பின்னால் இருக்கும் பூச்சு அதை வந்த வழியே திருப்பி விடுகிறது. துணியின் மேல் ஏற்றப்பட்ட அதே மணிகள்தான் இன்று ஜாக்கெட்டின் சாம்பல் பட்டையில் இருப்பவை.

வந்த வழியே என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். லாரி டிரைவர் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அவர் கண்ணுக்கு அந்தப் பட்டை தீயாக எரிகிறது. சாலையோரம் நிற்கும் மேஸ்திரிக்கு அது வெறும் சாம்பல் துணி. போட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்கோ, தான் எவ்வளவு தெரிகிறோம் என்று பார்க்க வழியே இல்லை. வேறு யாரையோ நம்பித்தான் அவர் சாலையில் இறங்க வேண்டும்.

பளிச் நிறத்துணி ரயில்வே தொழிலாளியின் முதுகில் ஏறியது 1964-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். அதற்குக் காரணம் மின்சார ரயில். நீராவி எஞ்சின் வருவது ஊருக்கே கேட்கும், புகையும் தெரியும். மின்சார ரயில் ஓசையில்லாமல், வேகமாக வந்து நிற்கும். தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்கிறவனுக்கு இது புது எமன். மின்மயமான பொல்லாக்ஷீல்ட்ஸ் - எக்ளிண்டன் ஸ்ட்ரீட் பாதையில் வேலை பார்த்தவர்களுக்குப் பளிச் ஆரஞ்சு ஜாக்கெட் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஃபயர்ஃப்ளை', அதாவது மின்மினி. பிறகு பர்மிங்காம் பக்கம் மின்மயமான பாதையில் வேலை செய்தவர்களுக்கும் கொடுத்தார்கள். ஜாக்கெட் எப்படித் தெரிகிறது என்று ரயில் ஓட்டுகிறவர்களிடமே கருத்துக் கேட்டார்கள். நல்ல காரியம். சாயக் கம்பெனியைக் கேட்டு முடிவு செய்யாமல், பார்க்க வேண்டியவனைக் கேட்டிருக்கிறார்கள்.

ஏன் ஆரஞ்சு? தண்டவாளத்தின் இருபுறமும் புல்லும் செடியும் மரமும். அந்தப் பச்சையில் ஆரஞ்சு தனியாக எடுத்துத் தெரியும். சிக்னலின் பச்சையோடும் குழம்பாது. இன்றைக்கும் பிரிட்டனில் தண்டவாளத்துக்கு ஆரஞ்சுதான். மனிதக் கண்ணுக்கு மிகச் சுலபமாகப் புலப்படுவது மஞ்சள் கலந்த பச்சைதான் என்பதும் உண்மை. ஆனால் வயல் நடுவே அதைப் போட்டுக்கொண்டு நின்றால் என்ன பயன்? அதே மாதிரி, ஆரஞ்சுக் கூம்புகளும் ஆரஞ்சு டிரம்களும் வரிசையாக வைத்திருக்கும் சாலை வேலையில் ஆரஞ்சு ஜாக்கெட்காரர் இன்னொரு கூம்பாகிவிடுவார். அங்கே எலுமிச்சை மஞ்சள் வேண்டும். எந்த நிறம் நல்லது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. பின்னால் என்ன நிறம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கிளாஸ்கோ கதையில் இன்னொரு விஷயம். ஓடுகிற ரயிலைச் சட்டென்று நிறுத்த முடியாது. ஓட்டுநர் பார்த்துவிட்டார் என்பதற்காக ரயில் நிற்காது. அப்புறம் எதற்கு ஜாக்கெட்? அவர் பார்த்தால் ஹார்ன் அடிப்பார். கீழே இருப்பவர் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு ஒதுங்குவார். ஜாக்கெட், ஹார்ன், கை, கால்... இது ஒரு சங்கிலி. ஜாக்கெட் அதில் முதல் கண்ணி மட்டுமே.

சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஜூலை 3 சாட்சி. வேல்ஸ் நாட்டின் மார்கம் அருகே மூன்று பேர் தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கையில் பெட்ரோலில் ஓடும் கருவி. அந்தச் சத்தத்துக்காகக் காதை அடைத்துக்கொள்ளும் கவசம். ரயில் வருவதைப் பார்த்துச் சொல்லத் தனியாக ஆள் நிறுத்தவில்லை. ஓட்டுநர் அவர்களைப் பார்த்தார். ஹார்ன் அடித்தார். பிரேக்கும் போட்டார். இரண்டு பேர் இறந்துபோனார்கள். மூன்றாமவர் மயிரிழையில் தப்பினார். கண்ணுக்குத் தெரிந்தார்கள், அவர்கள் காதுக்கு எதுவும் எட்டவில்லை. பிரிட்டனின் 1992-ஆம் ஆண்டு விதிகளே பாதுகாப்பு உடையைக் கடைசி வழி என்றுதான் வைத்திருக்கின்றன. ஆபத்தை வேறு வகையில் தடுக்க முடியாதபோதுதான் உடை. ஜாக்கெட் கொடுத்தாயிற்று என்று கையைத் துடைத்துக்கொள்கிற நிர்வாகம் சங்கிலியில் மற்ற கண்ணிகளைத் தொழிலாளியின் தலையில் கட்டிவிடுகிறது. மலிவான வழி அது.

பணம் என்று வந்தால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம், சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றது. நியாயம்தான். ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வாங்குகிறவர் காண்டிராக்டர், போடுகிறவர் தொழிலாளி, பார்க்க வேண்டியவர் முன்பின் தெரியாத ஒரு டிரைவர். கடையில் பேரம் பேசுகிறவர் சாலையில் நிற்கப் போவதில்லை. நல்ல பட்டையும் வெறும் சாம்பல் துணியும் கடை வெளிச்சத்தில் ஒரே மாதிரி இருக்கும். நல்லது எது, போலி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாத சந்தையில் மோசமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதினார். அவர் உதாரணம் காட்டியது பழைய கார். இந்த ஜாக்கெட்டுக்கும் அது அப்படியே பொருந்தும்.

தர நிர்ணயம் வந்தது இந்த இடத்தில்தான். ஐரோப்பாவில் 1994-இல் ஈ.என். 471, அமெரிக்காவில் 1999-இல் ஆன்சி 107, ஐரோப்பியத் தரத்தின் இடத்தில் 2013-இல் ஐ.எஸ்.ஓ. 20471. இந்தியாவுக்கு ஐ.எஸ். 15809. அமெரிக்காவில் மத்திய அரசு நிதி பெறும் நெடுஞ்சாலைகளில் வேலை செய்பவர்கள் எல்லோரும் அணிந்தே ஆக வேண்டும் என்ற விதி 2008 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஐ.எஸ்.ஓ. தரம் மூன்று வகுப்பு வைத்திருக்கிறது. முதல் வகுப்புக்கு 0.14 சதுர மீட்டர் பளிச் துணி போதும். இரண்டாவதுக்கு 0.50 சதுர மீட்டர், மூன்றாவதுக்கு 0.80. பட்டையின் அளவு முறையே 0.10, 0.13, 0.20 சதுர மீட்டர். அகலம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. வண்டிகள் எவ்வளவு வேகமாகப் போகுமோ அவ்வளவு உயர்ந்த வகுப்பு வேண்டும்.

மூன்றாம் வகுப்புக்குக் கையில்லாத ஜாக்கெட் மட்டும் போதாது. முழுக் கை வேண்டும், அல்லது முழுக்கால் பேண்டும் சேர வேண்டும். பரப்பளவுக்காக மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்வீடனில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியல் அறிஞர் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆட்களின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் மட்டும் ஒளிப்புள்ளி வைத்து, இருட்டில் படம் பிடித்தார். அசையாமல் இருந்தால் வெறும் புள்ளிகள். நடக்க ஆரம்பித்த உடனேயே, பார்த்தவர்கள் 'மனுஷன்' என்று சொல்லிவிட்டார்கள்! அவர் பயன்படுத்தியவற்றில் இதே கண்ணாடி மணிப் பட்டையும் உண்டு. மார்பில் மட்டும் பட்டை இருந்தால் தூரத்து டிரைவருக்கு அது ஒரு பலகையாகவோ டிரம்மாகவோ தெரியலாம். அசைகிற கையும் காலும்தான் அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று சொல்கின்றன.

பட்டை உண்மையானதா என்று பார்க்க ஒரு டார்ச் போதும். இருட்டில் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டு இருபது முப்பது அடி தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், பொட்டோடு சேர்த்துப் பிடித்து அடிக்க வேண்டும். நல்ல பட்டை வெள்ளையாகக் கொழுந்துவிட்டு எரியும். போலி மங்கலாகவே இருக்கும். டார்ச்சை இடுப்புக்கு இறக்கினால் நல்ல பட்டையும் மங்கிப்போகும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

நிறத்துக்கு இப்படிச் சுலபமான சோதனை கிடையாது. வெயில் அந்தச் சாயத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். சிமெண்டும் கிரீஸும் பட்டால் மணிகள் மூடிக்கொள்ளும். துவைத்தால் தேயும், துவைக்காவிட்டால் தெரியாது. நல்ல ஜாக்கெட்டின் உட்புறத்தில் ஒரு சின்னத் துணி லேபிள் இருக்கும். அதிகபட்சம் எத்தனை முறை துவைக்கலாம் என்று அதில் ஓர் எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் படித்துவிட்டுத் துவைப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஏதாவது ஒரு சைட்டில் விசாரித்துப் பார்க்கலாம்.