இரண்டு 'இந்தியர்கள்': பாஸ்டனிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த கடிதம்

அமெரிக்கப் புரட்சிக்கும் இந்தியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பலரும் தேயிலையைத்தான் சொல்வார்கள். 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டிகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. ஆனால் அது சீனத் தேயிலை. அதற்கு 56 வருஷம் முன்னாடியே பாஸ்டனிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஒரு கடிதம் கிளம்பியது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

எழுதியவர் காட்டன் மேத்தர் (1663–1728), பாஸ்டனின் வடக்குச் சபை போதகர். அவரைப் புரிந்துகொள்ள அவர் ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். அப்போதைய பாஸ்டனில் மொத்தமே சுமார் 11,000 பேர். இங்கிலாந்துத் திருச்சபை போதுமான அளவு சீர்திருந்தவில்லை என்று கிளம்பி வந்த பியூரிட்டன்கள் உருவாக்கிய ஊர். ஒவ்வொருவரும் பைபிளைத் தானே படிக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதனால் 50 குடும்பங்கள் உள்ள ஊரில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்று 1647-லேயே சட்டம் போட்டார்கள். அதே சமூகம்தான் 1692-இல் சேலத்தில் சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கில் போட்டது. அந்த வழக்குகளுக்கு ஆதரவாகப் புத்தகம் எழுதியவர்களில் மேத்தரும் ஒருவர்.

இன்னொரு பக்கமும் உண்டு. மேத்தர் வீட்டில் ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை இருந்தார். தன் ஊரில் பெரியம்மை வராமல் இருக்க அம்மைப்பால் வைக்கும் வழக்கத்தை அவர்தான் மேத்தருக்குச் சொன்னார். 1721-இல் பாஸ்டனில் கொள்ளைநோய் பரவியபோது மேத்தர் அந்த முறையை வலியுறுத்தினார். பலத்த எதிர்ப்பையும் தாண்டி அது பல உயிர்களைக் காப்பாற்றியது. புத்திசாலித்தனமும் மூடத்தனமும் மனிதாபிமானமும் அடிமை முறையும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது.

சரி, இவருக்குத் தரங்கம்பாடி எப்படித் தெரிந்தது? ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கேயோடு மேத்தருக்குக் கடிதப் போக்குவரத்து இருந்தது. ஹாலேயில் படித்தவர்தான் பார்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க் அரசர் அனுப்பி 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்து இறங்கியவர். அவருடைய கடிதங்கள் 1709-இல் லண்டனில் ஆங்கிலத்தில் அச்சாகி அட்லாண்டிக்கைத் தாண்டின. அதாவது தரங்கம்பாடி, ஹாலே, லண்டன், பாஸ்டன் என்று ஒரு நெட்வொர்க். ஒரு செய்தி போய்ப் பதில் வர இரண்டு வருஷம்கூட ஆகும், ஆனாலும் வேலை செய்தது.

1717-ஆம் வருஷக் கடைசியில் மேத்தர் சீகன்பால்குக்கு லத்தீனில் எழுதினார். கடிதம் வந்து சேர்ந்தபோது சீகன்பால்கு உயிரோடு இல்லை, 1719 பிப்ரவரியில் இறந்துவிட்டார். பதில் எழுதியவர் அவருடைய சகா கிரண்ட்லர். இந்தக் கடிதங்களைச் சேர்த்து 1721-இல் பாஸ்டனில் மேத்தர் ஒரு புத்தகம் போட்டார். பெயர் 'இந்தியா கிறிஸ்தியானா'.

பாஸ்டன் கடிதம் எழுதிய சில வாரத்திலேயே, 1718 ஜனவரியில், மேத்தர் இன்னொரு கடிதமும் எழுதினார். அதைப் பெற்றவர் எலைஹு யேல். பாஸ்டனில் பிறந்தவர், 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். சொந்த வியாபாரத்தில் ஏகப்பட்ட பணம் சேர்த்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து பதவி போனது. 1680-களில் சென்னையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். அதை நிர்வகித்த கோட்டைக் குழுவில் யேலும் இருந்தார். கனெக்டிகட்டில் காசில்லாமல் தவித்த ஒரு கல்லூரிக்கு உதவும்படி மேத்தர் கேட்டார். யேல் 417 புத்தகங்களும் 9 பொதி சரக்கும் அனுப்பினார். பொதிகளில் மஸ்லினும் காலிகோவும் இருந்தன. விற்றதில் சுமார் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு யேல் பெயர் வந்தது அப்படித்தான்.

யேல் கதை பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 'இந்தியா கிறிஸ்தியானா' என்ற தலைப்பு. அந்தப் புத்தகம் இரண்டு 'இந்தியர்'களைப் பற்றியது: மேற்கே அமெரிக்கப் பூர்வகுடிகள், கிழக்கே நாம். மேத்தருக்கு இருவரும் ஒரே பட்டியலில், ஒரே வேலைத் திட்டத்தில் இருந்தோம்.

இரண்டு இடத்திலும் நடந்த வேலையும் அச்சு அசலாக ஒன்றுதான். பாஸ்டன் பக்கம் ஜான் எலியட் என்ற போதகர், பூர்வகுடி மொழிபெயர்ப்பாளர்களின் துணையோடு, பைபிள் முழுவதையும் மாசசூசெட் மொழியில் 1663-இல் அச்சிட்டார். அமெரிக்கக் கண்டத்திலேயே அச்சான முதல் பைபிள் அது. அச்சுக்கோத்தவர்களில் வோவாவுஸ் என்ற பூர்வகுடி இளைஞரும் இருந்தார். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் முடிந்தது.

ஆனால் அதன் பிறகு நடந்தது நேரெதிர். நியூ இங்கிலாந்தில் 1675-இல் போர் வெடித்தது. எலியட்டை நம்பி மதம் மாறியவர்களுக்கென்று 14 ஊர்கள் இருந்தன. மதம் மாறியவர்கள் என்றும் பார்க்காமல் பலரைப் பிடித்துக் கடுங்குளிரில் மான் தீவில் அடைத்தார்கள், நிறையப் பேர் செத்தார்கள். போருக்குப் பிறகு மிஞ்சியவை 4 ஊர்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்த மொழியைப் பேச ஆளே இல்லாமல் போனது.

தமிழுக்கு ஏன் அந்தக் கதி வரவில்லை? நம் மொழி பழமையானது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஓரளவு உண்மையும்கூட. சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பையன்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் கற்றார். நூற்றுக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகளைச் சேகரித்து 1708-இல் பட்டியல் போட்டார். இங்கே அவர் மாணவர்.

ஆனால் பெரிய காரணம் வேறு என்று நினைக்கிறேன். தரங்கம்பாடியில் டேனியக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது துணியும் மிளகும். நெய்பவன் உயிரோடு, தன் ஊரில், தன் தறியில் இருந்தால்தான் லாபம். மதம் மாற்றுகிறேன் என்று கலகம் பண்ணாதே என்று சீகன்பால்கையே நாலு மாதம் சிறையில் போட்டார் கம்பெனித் தளபதி. மாசசூசெட்ஸில் வந்தவர்களுக்கு வேண்டியது நிலம். அங்கே மக்கள் இருப்பதே இடைஞ்சல். கொள்ளைநோய்கள் முன்னாடியே அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றிருந்தன, மிச்சத்தைத் துப்பாக்கி பார்த்துக்கொண்டது. ஒரே பைபிள், ஒரே அச்சு, ஒரே அக்கறை. வியாபாரக் கணக்கு மட்டும் வேறு.

மேத்தரின் சபை மரபில் வந்தவர்கள் பின்னாளில் மதுரைக்கே வந்தார்கள். மாசசூசெட்ஸில் 1810-இல் தொடங்கிய அமெரிக்க மிஷன், யாழ்ப்பாணம் வழியாக 1834-இல் மதுரையில் கால் வைத்தது. எங்கள் அவனியாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பசுமலையில் 1845 முதல் பள்ளி நடத்தினார்கள். 1881-இல் அங்கே பிறந்ததுதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. இங்கே பலரும் நன்றியோடு பேசுகிற வரலாறு அது, அந்த நன்றி நியாயமானதும்கூட. அதே மரபு தன் சொந்த ஊரில் என்ன மிச்சம் வைத்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1993-இல் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்ற வாம்பனோவாக் பெண்மணி தன் முன்னோரின் மொழியை மீட்கும் வேலையைத் தொடங்கினார். வாம்பனோவாக் என்பது அதே மாசசூசெட் மொழியைப் பேசிய மக்களில் ஒரு பிரிவு. பேச ஆள் இல்லாத மொழிக்கு இலக்கணமும் சொற்களும் எங்கே கிடைக்கும்? முன்னோர்கள் தங்கள் மொழியில் எழுதிவைத்த பத்திரங்களிலும் உயில்களிலும் கிடைத்தன. 1663-இல் எலியட் அச்சிட்ட அந்த பைபிளிலும் கிடைத்தன. அந்த மொழியை இன்று மறுபடி குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.