விரலிக்குள் அடங்கிய கணினி: கட்டற்ற மென்பொருளின் வரலாறும் நம் இளைஞர் கடமையும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், ஏறத்தாழ அதே வயதுடைய ஒரு சிறு கருவியின் வரலாற்றை இம்மலரில் எழுதுவது பொருத்தமுடையதாகும். 2000-ஆம் ஆண்டில் 8 மெகாபைட் கொள்ளளவுடன் விற்பனைக்கு வந்த அக்கருவியைப் பென் டிரைவ் என்கிறோம். தமிழறிஞர் விரலி என்று பெயரிட்டுள்ளனர். பாட்டும் படமும் ஏற்றிச் செல்லும் பொருளாகவே நம் இளைஞர் பலர் இதனை அறிவர். ஒரு கணினியை முழுமையாக இயக்கும் ஆற்றல் இதனுள் அடங்கும் என்பதையும், அவ்வாற்றலைப் பெற எவருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதையும் அறிந்தோர் சிலரே.

ஒரு பைசாவில் தொடங்கிய வழி

வட ஆர்க்காட்டில் நம் முன்னோர் கல்வியின் வாயிலை எளிதில் கண்டாரல்லர். 1853-இல் தொடங்கிய ஆர்க்காடு மிஷனின் பள்ளிகள் சிலருக்கு எழுத்தறிவித்தன. 1893-இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. ஆணை பிறந்தும், ஊர்த் தெருவில் நின்ற பள்ளிக்குள் சேரிப் பிள்ளை நுழைய இயலாத நிலை நெடுங்காலம் நீடித்தது. கல்விக்கூடம் இருந்தது, அதன் திறவுகோல் பிறர் கையில் இருந்தது.

அந்நிலையில்தான் பண்டிதர் அயோத்திதாசர் 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ எனும் வார இதழைத் தொடங்கினார். இதழின் விலையே அதன் பெயரில் இடம் பெற்றது. உழைப்பவன் வாங்கக்கூடிய விலையில் அறிவு கிடைத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். கோலார் தங்கவயல் போன்ற இடங்களில் உழைத்த நம் மக்களிடம் அவ்விதழ் சென்று சேர்ந்தது. அறிவைக் கையடக்கமாகவும் குறைந்த செலவிலும் கொண்டு சேர்ப்பது நம் சமுதாயத்திற்குப் புதிய வழியன்று என்பதற்கு இதுவே சான்று.

மூலநிரல் என்பது யாது?

கணினி வெறும் இரும்புப் பெட்டி. அதனை எழுப்பி வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். அதன் உள்ளே எழுதப்பட்டுள்ள கட்டளைகளே மூலநிரல்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதி இளைஞர்களுக்கு இதனை விளக்குவது எளிது. தோலைச் சுண்ணாம்பில் எத்தனை நாள் ஊறவைப்பது, ஆவாரம்பட்டையோ குரோம் உப்போ எவ்வளவு சேர்ப்பது என்ற அளவுகள் தெரிந்தவனே பதனிடும் தொழிலை ஆள்பவன். அளவு தெரியாதவன் அத்தோலை ஆயுள் முழுதும் சுமந்தாலும் கூலியாளாகவே இருப்பான். மூலநிரலும் அத்தகைய அளவுக் குறிப்பே. பெரும் நிறுவனங்கள் அதனை மறைத்து வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் விலைக்குத் தருகின்றன.

இவ்வழக்கத்தை எதிர்த்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன். அச்சுப்பொறி ஒன்றின் குறையைத் திருத்த அவர் மூலநிரலைக் கேட்டபோது, அது மறுக்கப்பட்டது. 1983-இல் ‘குனூ’ எனும் திட்டத்தை அவர் அறிவித்தார்; 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். மென்பொருளை விரும்பியவாறு பயன்படுத்தல், படித்தறிதல், பிறருக்கு வழங்குதல், திருத்தி வெளியிடல் ஆகிய நான்கு உரிமைகளும் அனைவருக்கும் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆம் வயதில் ‘லினக்ஸ்’ எனும் கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளம் பிறந்தது.

இதனை இலவசப் பொருள் என்று மட்டும் கருதுதல் தவறாகும். இலவசம் கொடுப்பவன் மனம் மாறினால் நின்றுவிடும். இவ்வுரிமையோ உரிமப் பத்திரத்திலேயே எழுதப்பட்டது. ஒருமுறை வழங்கியதை மீட்டுக்கொள்ள வழியில்லை.

வட்டிலிருந்து விரலிக்கு

2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் ‘நாப்பிக்ஸ்’ எனும் குறுவட்டை வெளியிட்டார். அதனைக் கணினியில் இட்டவுடன் லினக்ஸ் இயங்கியது. வன்தட்டில் எதையும் பதிக்க வேண்டியதில்லை. 2003-இல் ஆஸ்திரேலியாவின் பாரி காலர் தொடங்கிய ‘பப்பி லினக்ஸ்’, மிகப் பழைய கணினியிலும் ஓடும் அளவுக்குச் சிறியதாக அமைந்தது. குறுவட்டில் நம் வேலையைச் சேமிப்பது அரிது. விரலி பெருகியபின் அக்குறையும் நீங்கியது. இயங்குதளம், நம் கோப்புகள், தமிழ்த் தட்டச்சு ஆகிய அனைத்தும் ஒரே விரலியில் அமைந்தன. சொந்தக் கணினி இல்லாதவனும் உரியவர் இசைவுடன் ஒரு கணினியில் அதனைச் செருகித் தன் வேலையை முடித்து, தன் கோப்புகளைத் தன்னுடனேயே எடுத்துச் செல்லலாம்.

நம் கைக்கு வந்ததும் நாம் கைவிட்டதும்

தமிழகம் இத்துறையில் பின்தங்கியதன்று. உலகெங்கும் சிதறிய தமிழ்த் தன்னார்வலர், 2000-ஆம் ஆண்டை ஒட்டியே லினக்ஸின் திரைகளைத் தமிழாக்கத் தொடங்கினர். சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ எனும் இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் அக்காலத்திலேயே லினக்ஸுக்கு மாறியது. அண்டை மாநிலமாகிய கேரளம் தன் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிக் காட்டியது.

2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அம்மடிக்கணினிகளில் இடம் பெற்றது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் தாயின் வீட்டிற்கும், டேனரியில் தோல் சுமக்கும் தந்தையின் வீட்டிற்கும் முதல் கணினி அவ்வாறுதான் வந்தது. ஆயினும் நம்மில் எத்தனை பேர் பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்தோம்? சொல்லித் தருவார் இல்லை, நாமும் கேட்டோமில்லை. விண்டோஸ் பழுதானபோது கடைக்குக் கொடுத்துத் திருட்டுப் பிரதியைப் பதித்தோம், அல்லது பரண் மேல் ஏற்றினோம். நூறாண்டுக்கு முன் திறவுகோல் பிறர் கையில் இருந்தது. இம்முறை அது நம் வீட்டிலேயே இருந்தும் நாம் அறியாது போனோம். இக்குறையை ஒப்புக்கொள்வது நம் வரலாற்றுக்கு நேர்மையாகும்.

இனிச் செய்யத் தக்கது

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிவுற்றது. பழையன எனக் கழிக்கப்படும் கணினிகள் பல, லினக்ஸில் இன்னும் பல்லாண்டு உழைக்கும். வழிமுறை கடினமன்று. 16 ஜிகாபைட் விரலி ஒன்று போதும். லினக்ஸ் மின்ட் அல்லது டெபியனை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, விரலியில் எழுத வேண்டும். எழுதும்போது விரலியில் முன்பிருந்தவை அழிந்துவிடும். கோப்புகளை நிலையாகச் சேமிக்கும் பகுதியையும் அப்போதே அமைத்தல் வேண்டும். கணினியைத் தொடங்கும்போது எஃப்12 அல்லது அக்கணினிக்குரிய விசையை அழுத்தி, விரலியைத் தேர்ந்தால் இயங்கத் தொடங்கும். மிகப் பழைய கணினிக்குப் பப்பி லினக்ஸ் ஏற்றது. விரலி தொலையும், நாளடைவில் தேயும்; ஆகவே கோப்புகளுக்கு மற்றொரு படி கட்டாயம் வேண்டும்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. காலணி வடிவமைப்புக்கான மென்பொருள்கள் பல விண்டோஸிலேயே இயங்குவன; அவ்வேலைக்குச் செல்வோர் அதனையும் கற்கத்தான் வேண்டும். கடிதம், கணக்குப் பட்டியல், விண்ணப்பம், இணையவழிப் படிப்பு ஆகியவற்றிற்கு லினக்ஸ் முற்றிலும் போதும்.

இவ்வழியில் முன் சென்றோரும் உளர். பெங்களூரின் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர் துணையுடன் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் எழுந்தது. பழைய கணினிகளும் லினக்ஸுமே அதன் முதல். அப்பகுதிப் பிள்ளைகள் அங்கே கணினியில் ஓவியம் தீட்டவும் கற்றனர். நம் தமிழகத்தில் விழுப்புரம் குனூ லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்க்குப் பயிற்சி அளித்து வருகிறது. விழுப்புரத்தில் இயலுவது வேலூரிலும் ஆம்பூரிலும் இயலாதோ?

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியபோது, பிறர் கட்டிய வாயிலில் காத்திருப்பதோடு நின்றுவிடாமல் நமக்கென வாயில் அமைக்கும் வழியைக் காட்டினார். அவ்வழியில், பரண் மேல் உறங்கும் மடிக்கணினிகளை இளைஞர்கள் இறக்கி வரட்டும். நம் சங்கத்தில் வாரம் ஒரு மாலை கூடி அவற்றை உயிர்ப்பிக்கட்டும். பத்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு மாணவன், மாணவி கையிலும் இயங்குதளம் ஏற்றிய விரலி ஒன்றைச் சங்கம் அளிக்கட்டும். பெற்றவர் மற்றொருவர்க்குப் படி எடுத்துத் தருவதே அதற்குரிய கைம்மாறு. அன்று ஒரு பைசா இதழை ஒருவர் படித்துப் பிறருக்குச் சொன்ன மரபு, அவ்வகையில் நம்மிடையே தொடரும்.