உபகாரச் சம்பளமும் எஸ். எஸ். பிள்ளையும்

லிட்டில் இந்தியா எனப்படும் சிராங்கூன் வட்டாரத்தில், டாக்டர் பட்டம் பெற்ற பின்னும் ஈராண்டு மூவாண்டு ஒப்பந்தத்தில் சிங்கப்பூர்ச் சர்வகலாசாலைகளில் விஞ்ஞானமும் புள்ளியியலும் ஆராய வந்த நம் நாட்டு இளைஞரை இன்று காணலாம். இத்தகைய வாய்ப்பு நம்மவர்க்கு எவ்வழியாய்க் கிட்டலாயிற்று என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1913-ஆம் ஆண்டில், சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய் பெற்றுவந்த குமாஸ்தா இராமானுஜனுக்குச் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் வழங்கிற்று. அவரோ எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர், பட்டம் யாதுமற்றவர். எம்.ஏ. தேறினோர்க்கே உரிய அவ்வுதவிக்காக விதி தளர்ந்தது. அவர் புகழைப் பேசுவோர் நாமகிரித் தாயாரின் அருளை நீளப் பேசுகின்றனர். அந்த 75 ரூபாயைப் பேசுவார் அரியர். தோட்டத்துப் பேரேட்டின் முன் பகலெல்லாம் அமர்ந்திருக்கும் கிராணிமாராகிய நமக்கு அத்தொகையின் பொருள் நன்கு விளங்கும். அந்நாளில் சிங்கப்பூரில் இருந்ததோ 1905-இல் தோன்றிய வைத்தியப் பள்ளி. இராபிள்ஸ் கல்லூரியில் வகுப்புகள் தொடங்கியது 1928-இல்தான்.

இராமானுஜனை அறிந்த அளவு எஸ். எஸ். பிள்ளையை நம்மவர் அறியார். குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்து, இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, ஆசிரியர் ஒருவரின் ஆதரவால் கற்றவர் அவர். பின்னர்ச் சென்னையில் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி மாணாக்கராய் அமர்ந்து, 1929-இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் ஆசிரியரானார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது, வேரிங் என்னும் ஆங்கிலேயர் 1770-இல் எழுப்பிய வினா. எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாமல் கூட்டி எழுதிவிடலாம். ஆறாம் படிகளாயின் எத்தனை வேண்டும்? எழுபத்து மூன்று போதும் என 1940-இல் பிள்ளை நிறுவினார். அதற்குக் குறைந்தாலோ ஆகாது. 703 என்னும் எண்ணை எடுத்துக்கொள்க. மூன்றின் ஆறாம் படி 729, அது பெரிது. ஆகவே இரண்டின் ஆறாம் படியாகிய 64 பத்தும், ஒன்று அறுபத்து மூன்றும் சேர்ந்தே 703 ஆகும். கணக்குப்பிள்ளை எவரும் இதைக் காகிதத்தில் சரிபார்க்கலாம். எல்லா எண்களுக்கும் அவ்வளவே போதுமெனக் காட்டுவதுதான் அரும்பாடு.

சிக்காகோவில் டிக்ஸன் என்பாரும் இவ்வினாவில் பிள்ளையின் முடிவுகளை ஒத்தவற்றைத் தனித்து அடைந்தார். அந்த டிக்ஸனிடம் பயின்ற ஒப்பன்ஹைமே 1931 முதல் இராபிள்ஸ் கல்லூரியில் கணிதப் பேராசிரியராய் இருந்தவர் என்பது சிங்கப்பூர்வாசிகளாகிய நாம் அறியத்தக்கது. அக்கல்லூரியும் வைத்தியக் கல்லூரியும் இணைந்து 1949-இல் மலாயாச் சர்வகலாசாலை ஆயின.

மறு ஆண்டு, பிரின்ஸ்டன் உயராய்ச்சி நிலையம் ஓராண்டு தங்கி ஆராய வருமாறு பிள்ளையை அழைத்தது. அப்போது அவர்க்கு வயது 49. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மகாநாட்டிற்கும் செல்ல எண்ணிப் புறப்பட்டார். 1950 ஆகஸ்டு 31-இல் கெய்ரோவுக்கு அருகே விமானம் வீழ்ந்து, அதிலிருந்தோர் அனைவரோடும் மாண்டார். அவருடைய கட்டுரைகள் தொகுக்கப்பட்டு நூலாய் வெளிவந்தது 2010-இல்.