சாம்பலில் பிறந்தது, உப்பில் வளர்ந்தது

தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். வீட்டில் சோப்பு செய்ய இந்த மூன்றும் போதும். ஆவாரம்பூ, குப்பைமேனி, ஆட்டுப்பால் என்று மற்றதெல்லாம் அவரவர் ஆசைக்காகவும் விளம்பரத்துக்காகவும் சேர்ப்பவை. பொழுதுபோக்காகச் சோப்பு செய்கிறவர்களிடம் எண்ணெயைப் பற்றிக் கேளுங்கள், அரைமணி நேரம் பேசுவார்கள். காஸ்டிக் சோடாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். சோப்பின் சரித்திரம் இதற்கு நேர் எதிர். எண்ணெயோ கொழுப்போ எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் கிடைத்தது. காரம்தான் கிடைப்பதற்கு அரிது. அதைத் தேடித்தான் காட்டை எரித்தார்கள், கப்பல் அனுப்பினார்கள், காப்புரிமை வாங்கினார்கள். அதனால் கெட்டழிந்தவரும் உண்டு.

கதை மெசபடோமியாவில் தொடங்குகிறது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சுமேரியக் களிமண் பலகைகளில் எண்ணெயும் தாவரச் சாம்பலும் சேர்ந்த கலவைகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அதைத் தேய்த்து யாரும் குளித்ததாகத் தெரியவில்லை. கம்பளி வெளுக்கத்தான் பயன்பட்டிருக்கிறது. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் சுவடியிலும் கொழுப்பும் காரமும் சேர்ந்த கலவை வருகிறது, தோல் நோய்க்கு மருந்தாக.

குளியலுக்குப் பேர்போன ரோமானியர்கள் சோப்பு போட்டே குளிக்கவில்லை என்பது வேடிக்கை. உடம்பெல்லாம் ஆலிவ் எண்ணெய் பூசி, வளைந்த உலோகச் சுரண்டியால் அழுக்கோடு வழித்து எறிந்தார்கள். நம் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் சீயக்காய்க்குப் பதில் சுரண்டி. முதலாம் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானிய அறிஞர் சோப்பைப் பற்றி எழுதினார். அது ‘கால்’ (Gaul) என்ற இனத்தாரின் கண்டுபிடிப்பு, ஆட்டுக் கொழுப்பும் பீச் மரச் சாம்பலும் சேர்த்துச் செய்தால் நன்றாக வரும் என்கிறார். எதற்காக? முடியைச் சிவப்பாக்க! ஜெர்மானியரில் பெண்களைவிட ஆண்களே இதை அதிகம் பூசுகிறார்கள் என்று ஒரு போடும் போடுகிறார். ஆக, ஐரோப்பிய எழுத்தில் சோப்பு முதலில் தலைகாட்டியது ஹேர் டையாகத்தான். அழுக்குப் போக்கவும் அது உதவும் என்பது அடுத்த நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் காலத்தில் தெளிவாகிறது. (ரோம் அருகே சப்போ என்ற மலையில் பலியிட்ட ஆடுகளின் கொழுப்பும் சாம்பலும் மழையில் வழிந்து ஆற்றில் கலந்து சோப்பானது என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதைதான். அப்படியொரு மலைதான் எங்கும் இல்லை.)

விறகுச் சாம்பலில் உள்ள காரம் பெரும்பாலும் பொட்டாசியம். அதில் செய்த சோப்பு இறுகாது; பழுப்பாக, கொழகொழவென்று பீப்பாயிலேயே கிடக்கும். கையில் பிடிக்கும்படி கட்டியாக வேண்டுமென்றால் சோடியம் வேண்டும். அது கடலோர உவர்நிலத்துச் செடிகளின் சாம்பலில் உண்டு. வேதாரண்யம், தூத்துக்குடிக் கரைகளில் சிவந்து படர்ந்து கிடக்கும் நம் உமரிச் செடி அந்தச் சாதிதான். மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த ஊர்களுக்கு இந்தச் சாம்பலும் ஆலிவ் எண்ணெயும் பக்கத்திலேயே வாய்த்தன. அப்படித்தான் சிரியாவின் அலெப்போவும் பாலஸ்தீனத்தின் நாப்லஸும் சோப்பு நகரங்களாயின.

அலெப்போவில் ஆலிவ் எண்ணெயைப் பெரிய கொப்பரையில் நாள்கணக்காகக் கொதிக்கவைத்து, கடைசியில் லாரல் எண்ணெய் சேர்த்து, அப்படியே தரையில் ஊற்றிப் பரப்புவார்கள். ஆறி இறுகியதும் பல் பல்லாகக் கத்தி பொருத்திய சட்டத்தின் மேல் ஒருவர் பாரத்துக்கு நின்றுகொள்ள, மற்றவர்கள் அதை இழுத்துக்கொண்டு போவார்கள். தரையெல்லாம் சதுரம் சதுரமாக வெட்டுப்படும். பிறகு கட்டிகளைக் காற்றோட்டமாகக் கோபுரம்போல் அடுக்கி மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். வெளிப்பக்கம் பொன்னிறமாகும், வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சை. இந்த இரண்டு ஊர்களின் சோப்புத் தொழிலையும் யுனெஸ்கோ 2024-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வெனிஸ் வணிகர்கள், ஸ்பெயினின் காஸ்டீல், பிரான்ஸின் மார்செய் என்று கட்டிச் சோப்பு மேற்கே நகர்ந்தது. ஓர் ஊருக்குப் பெயர் கிடைத்தால் போலிகளும் கிளம்பிவிடுகின்றன. மார்செய் சோப்பில் ஆலிவ் எண்ணெய் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது, வெயில் மாதங்களில் கொப்பரையே ஏற்றக் கூடாது என்று 14-ஆம் லூயி மன்னர் 1688-இல் ஆணை போட்டார். மீறினால் சரக்குப் பறிமுதல். இன்று அதே பெயரைத் தாங்கி வேறு நாடுகளிலிருந்தெல்லாம் கட்டிகள் வந்து குவிகின்றன. ஆணை போட மன்னர்தான் இல்லை.

இங்கிலாந்தில் கதை இன்னும் சுவாரசியம். 1630-களில் முதலாம் சார்லஸ் மன்னர் சோப்புத் தயாரிப்பின் ஏகபோகத்தைத் தனக்கு வேண்டிய ஒரு குழுவுக்குத் தந்தார். அதில் கத்தோலிக்கர் இருந்ததால், புராட்டஸ்டண்ட் லண்டன் அதைப் ‘போப்பாண்டவர் சோப்பு’ என்று ஏசியது. கை வெந்துபோகிறது என்று சலவைப் பெண்கள் புகார் சொன்னார்கள். உடனே மேயர் முன்னிலையில் நகர மண்டபத்தில் தொட்டி வைத்து, இரண்டு பெண்களைத் துணி துவைக்கச் சொல்லிப் போட்டி நடத்தினார்கள். புதிய சோப்பே உயர்ந்தது என்று தீர்ப்பு. நம்பியவர் சொற்பம். பின்னர் 1712-இல் சோப்புக்கு வரி வந்தது. கள்ளத்தனமாகக் காய்ச்சிவிடுவார்களோ என்று வரி அதிகாரிகள் இரவில் கொப்பரை மூடிக்குப் பூட்டுப் போட்டார்கள். நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அந்த வரியை ரத்து செய்தது 1853-இல்.

அட்லாண்டிக்கின் அக்கரையில் குடியேறிகளின் வீட்டில் பூட்டும் இல்லை, அதிகாரியும் இல்லை. அடுப்புச் சாம்பலை ஒரு மரத்தொட்டியில் கொட்டி, மேலே மழைநீர் ஊற்றி, அடியில் சொட்டும் காரநீரைப் பிடிப்பார்கள். பதம் பார்க்க ஒரு கோழிமுட்டை. முட்டை மேலே சின்ன வட்டமளவு தெரியும்படி மிதந்தால் காரம் சரி; அமிழ்ந்தால் நீர்த்தது என்று பொருள். பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் சேர்த்து முற்றத்தில் நாள் முழுக்கக் கிண்டுவது பெண்களின் வேலை.

பெஞ்சமின் பிராங்க்ளினின் தந்தை பாஸ்டனில் சோப்பும் மெழுகுவத்தியும் காய்ச்சியவர். கிரீடம் பொறித்த ஒரு பச்சைச் சோப்பு அந்தக் குடும்பத்தின் கைமணம். பிராங்க்ளின் பாரிஸில் தூதராக இருந்தபோது, அங்குள்ள நண்பர்களுக்குப் பரிசளிக்க அதைத் தன் தங்கை ஜேன் மீகமிடமிருந்து வரவழைத்தார். உலகின் நேர்த்தியான சோப்பெல்லாம் கிடைத்த பாரிஸுக்குப் பாஸ்டன் வீட்டுச் சோப்பு! இந்தப் பக்குவம் குடும்பத்தோடு அழிந்துவிடக் கூடாது, எழுதிக் கொடு என்று பின்னால் அவர் கேட்டுக்கொண்டதால் ஜேன் செய்முறையை எழுதிவைத்தார். ஒரு வீட்டுச் சோப்பின் செய்முறை நம் காலம்வரை தங்கியதற்கு அண்ணனின் பிடிவாதமே காரணம்.

அதே காலத்தில் பிரான்ஸ் சோடாவுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி, துணி, சோப்பு மூன்றுக்கும் அது வேண்டும். சாம்பலோ ஸ்பெயினிலிருந்து வரவேண்டும். கடல் உப்பிலிருந்து சோடா செய்பவருக்குப் பரிசு என்று அறிவியல் கழகம் அறிவித்தது. நிக்கோலா லெபிளாங்க் என்ற மருத்துவர் வழி கண்டுபிடித்து 1791-இல் காப்புரிமையும் வாங்கினார். வாங்கி என்ன? முதல் போட்ட ஆர்லியன்ஸ் கோமகனின் தலை 1793-இல் கில்லட்டினில் உருண்டது. தொழிற்சாலையைப் புரட்சி அரசு எடுத்துக்கொண்டது, ரகசியத்தை எல்லோருக்கும் பகிரங்கமாக்கியது. அறிவித்த பரிசு கைக்கு வரவே இல்லை. 1806-இல் லெபிளாங்க் தற்கொலை செய்துகொண்டார். எவரெவரோ அவர் முறையைக் காப்பியடித்துக் கோடீஸ்வரர்களானார்கள்.

பிரிட்டனில் அதற்கு ஒரு தடை இருந்தது: உப்பு வரி. 1820-களில் அங்கே அந்த வரி ஒழிந்ததும் லிவர்பூல் பக்கம் சோடா ஆலைகள் முளைத்தன. சோப்பும் கண்ணாடியும் மலிந்தன. தன் நாட்டில் உப்பு வரியை எடுத்து அழுக்குப் போக்கிக்கொண்ட அதே அரசு, இந்தியாவில் அதை விடாமல் வசூலித்தது. 1930-இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் நடந்தது நமக்குத் தெரியும்.

கொப்பரைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை விளக்கியவர் மிஷேல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது. காரம் அதைப் பிரித்து, அமிலத்தோடு தான் சேர்ந்து சோப்பாகிறது. கிளிசரின் தனியே நிற்கிறது என்று 1823-இல் வெளிவந்த நூலில் நிறுவினார். 102 வயதுவரை வாழ்ந்தார். ஈஃபில் கோபுரத்தில் பெயர் பொறிக்கப்பட்ட 72 பேரில் ஒருவர். அந்தக் கிளிசரினுக்கு விரைவிலேயே மதிப்பு ஏறியது: அதிலிருந்து நைட்ரோகிளிசரின், அதிலிருந்து நோபலின் டைனமைட். முதல் உலகப்போரில் சோப்புக் கொப்பரையின் மிச்சம் பீரங்கிக்குத் தீனியானது. இன்றும் பெரிய ஆலைகள் கிளிசரினைப் பிரித்துத் தனியே விற்கின்றன. வீட்டுச் சோப்பில் அது அப்படியே தங்கிவிடுகிறது; தோலுக்கு இதமாக இருப்பதாகச் சொல்வதற்கு அது ஒரு நியாயமான காரணம்.

சோப்பைப் பெட்டியில் அடைத்துச் சந்தைக்கு அனுப்பியவர் வில்லியம் லீவர். அதுவரை மளிகைக்கடையில் நீண்ட பாளத்திலிருந்து எடைக்கு வெட்டிக் கொடுத்த சரக்கை, 1884-இல் சன்லைட் என்று பெயரிட்டு உறைபோட்டு விற்றார். நன்றாக நுரைக்க அதில் தேங்காய், செம்பனைக் கொட்டை போன்ற வெப்ப நாட்டு எண்ணெய்கள் சேர்ந்தன. அந்த எண்ணெய்க்காகப் பின்னாளில் காங்கோவில் அவர் நடத்திய தோட்டங்களில் ஆட்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கிய வரலாறு, நுரைக்கு அடியில் மறைந்துகிடக்கிறது. அமெரிக்காவில் மிதக்கும் ஐவரி சோப்பு வந்தது. சாப்பிடப்போன தொழிலாளி இயந்திரத்தை நிறுத்த மறந்ததால் காற்று புகுந்து மிதந்தது என்று ஊரெல்லாம் சொன்னார்கள். 2004-இல் கிடைத்த 1863-ஆம் ஆண்டுக் குறிப்பேடு, மிதக்கும் சோப்பை அந்த நிறுவனத்தின் ஜேம்ஸ் கேம்பிள் வேண்டுமென்றேதான் செய்தார் என்று காட்டிவிட்டது. விபத்துக் கதைகள் விற்பனைக்கு நல்லவை, நம்புவதற்கு அல்ல.

1888-இல் சன்லைட் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. இங்கே நமக்குச் சீயக்காயும் அரப்பும் பயத்தம்மாவும் பூந்திக்கொட்டையும் இருந்தன. துணிக்கு உவர்மண்ணும் வெள்ளாவியும். சோப்பில் மாட்டுக் கொழுப்பு என்ற அருவருப்பு வேறு. அந்த இடைவெளியில் நுழைந்தவர் ஆர்தேஷிர் கோத்ரெஜ்: முழுக்கத் தாவர எண்ணெயில் செய்த சோப்பு. 1919-இல் ‘நம்பர் 2’ என்று வெளியிட்டு, 1922-இல்தான் ‘நம்பர் 1’ கொண்டுவந்தார். இரண்டே இத்தனை நன்றாக இருந்தால் ஒன்று எப்படி இருக்கும் என்று ஜனங்கள் நினைக்கட்டும் என்பது கணக்கு. தாகூரே விளம்பரத்துக்குப் பெயர் தந்தார். மைசூரிலோ முதல் உலகப்போரால் சந்தனக்கட்டை ஏற்றுமதி நின்று தேங்கிவிட, 1916-இல் சந்தன எண்ணெய் ஆலையும் 1918-இல் சந்தன சோப்பும் பிறந்தன. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டில் 1914-லேயே அரசுச் சோப்பு நிலையம் தொடங்கியாயிற்று. காந்தி 1941-இல் எழுதிய நிர்மாணத் திட்டத்தில் நூற்பு, எண்ணெய் ஆட்டுதலோடு சோப்புத் தயாரிப்பையும் கிராமத் தொழிலாகச் சேர்த்தார். காதி கடைச் சோப்பின் வம்சம் அது.

வீட்டில் சோப்பு செய்வது பொழுதுபோக்காகத் திரும்பியது 1970-களின் அமெரிக்காவில், இயற்கை வாழ்வு தேடிய தலைமுறையோடு. ஆன் பிராம்சன் எழுதிய சிறு கையேடு பலருக்கு முதல் பாடமாயிற்று. இம்முறை முட்டை தேவைப்படவில்லை. கடையில் வாங்கும் காஸ்டிக் சோடாவின் வீரியம் தெரிந்தது. எந்த எண்ணெய்க்கு எவ்வளவு என்ற அட்டவணையும் இருந்தது. 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 18 கிராம், ஆலிவுக்குச் சுமார் 13.5. அதிலும் கொஞ்சம் குறைத்தே போடுவார்கள், எண்ணெய் சற்று மிஞ்சி நிற்கட்டும் என்று.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டதும், அடுப்பில்லாமலே பாத்திரம் தொட முடியாமல் கொதிக்கும்; மூக்கில் ஏறும் ஆவி இருமவைக்கும். ஆறவிட்டு எண்ணெயில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் கடைந்தால், சில நிமிடங்களில் கலங்கி வெளுத்து தோசைமாவுப் பதத்துக்கு வரும். கரண்டியிலிருந்து விழும் துளி மேலே கோடாக நிற்கும். அப்போது அச்சில் ஊற்றவேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் சில மணி நேரத்திலேயே வெட்டிவிட வேண்டும். மறுநாள்வரை விட்டால் கத்தி பட்டதும் நொறுங்கும். பிறகு நாலு வாரம் உலர வேண்டும். கடையில் வாங்கிய சோப் பேஸை உருக்கி, சாயமும் வாசனையும் சேர்த்து அச்சில் ஊற்றுவதும் இப்போது ‘ஹேண்ட்மேட்’ என்ற பெயரில் நடக்கிறது. அழகான கைவேலைதான், சோப்பு செய்தல் அல்ல.

‘கெமிக்கலே இல்லாத இயற்கைச் சோப்பு’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். காரமில்லாமல் சோப்பு இல்லை. சாம்பலில் இருந்ததும் காரமே. இன்று அது உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கப்படுகிறது. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலேயே அப்படிப்பட்ட ஆலை இருக்கிறது. கடைச் சோப்பையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். உறையின் பின்னால் டி.எஃப்.எம். என்ற எண் இருக்கும், மொத்தக் கொழுப்புப் பொருளின் விகிதம். 76 இருந்தால் முதல் தரம். ‘பாத்திங் பார்’ என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

செய்து பார்க்க ஆசையிருந்தால் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது, காரம் அதை அரித்துவிடும். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போடவேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வீட்டுக்கும் உறவுக்கும் கொடுப்பதோடு நிற்காமல் விற்கவும் நினைத்தால், அழகுசாதனத் தயாரிப்புக்கான உரிமம் வாங்கியாக வேண்டும்.