வில்லியம் மாட்சன்

வில்லியம் மாட்சன் (அக்டோபர் 18, 1849 – அக்டோபர் 11, 1917) சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கடலோடி; மாட்சன் நேவிகேஷன் கம்பெனி என்ற கப்பல் நிறுவனத்தை நிறுவியவர். கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடல்வழியே அவருடைய வாழ்நாள் உழைப்பின் களம். 1882இல் ஒரு பாய்மரக் கப்பலோடு அந்த வழியில் இறங்கியவர், மறையும்போது 14 கப்பல்கள் கொண்ட அணியை விட்டுச் சென்றார்.

இளமை

சுவீடனின் மேற்குக் கரையில் உள்ள லீசெகில் என்ற ஊரில் மாட்சன் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, பத்து வயதையொட்டி எடுபிடிப் பையனாகக் கப்பலேறினார். 1863இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கிருந்து தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிச் சென்ற கப்பலில் பணியாற்றி, 1867இல் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்த காலம் அது. நகரின் வணிகம் பெரும்பாலும் கடலை நம்பியிருந்ததால், தொழில் தெரிந்த மாலுமிக்கு வேலை கிடைத்தது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் சரக்கு ஏற்றும் சிறு கப்பல்களில் உழைத்த மாட்சன், சில ஆண்டுகளில் ‘வில்லியம் ஃபிரெடரிக்’ என்ற ஸ்கூனர் வகைப் பாய்மரக் கப்பலின் தலைவரானார். அது ஸ்ப்ரெக்கெல்ஸ் குடும்பத்தின் சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலைக்கு நிலக்கரி கொண்டுசெல்லும் கப்பல். அந்தத் தொடர்பே அவருடைய வாழ்வைத் திசைதிருப்பியது. அக்குடும்பத்தின் உல்லாசப் படகான ‘லர்லைன்’ அவர் பொறுப்பில் விடப்பட்டது. ஹவாய்ச் சர்க்கரையால் பெருஞ்செல்வரான கிளாஸ் ஸ்ப்ரெக்கெல்ஸ் அவருக்கு ஆதரவாளரானார்.

ஹிலோ கடல்வழி

1876இல் நடைமுறைக்கு வந்த வணிக உடன்பாட்டின்படி ஹவாய்ச் சர்க்கரை தீர்வையின்றி அமெரிக்காவுக்குள் வந்தது. தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. கரும்பைத் தவிர மற்ற பலவற்றுக்கு அவை வெளியூரையே எதிர்பார்த்தன. போகும்போது தோட்டங்களுக்கு வேண்டிய பொருள்கள், திரும்பும்போது சர்க்கரை என இருவழியிலும் சரக்குக் கிடைக்கும் இந்த வணிகத்தில் மாட்சன் தம் வாய்ப்பைக் கண்டார்.

1882இல் ‘எம்மா கிளாடினா’ என்ற மூன்று பாய்மர ஸ்கூனரில், உணவுப் பொருள்களும் தோட்டத் தளவாடங்களுமாக ஏறத்தாழ 300 டன் சரக்கை ஹவாயின் பெரிய தீவிலுள்ள ஹிலோவுக்குக் கொண்டுசென்றார். ஸ்ப்ரெக்கெல்ஸின் மகள் பெயரைத் தாங்கிய கப்பல் அது. 1887இல் அதை விற்று, அதைப் போல இரு மடங்குக்கு மேல் சரக்குக் கொள்ளும் பிரிகன்டைன் வகைப் பாய்மரக் கப்பலை வாங்கினார். அதற்கு ‘லர்லைன்’ என்று பெயரிட்டார். பின்னாளில் நிறுவனத்தின் பல கப்பல்கள் இதே பெயரைப் பெற்றன.

1898இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. அதன்பின் அமெரிக்கப் பதிவு பெற்ற கப்பல்களுக்கே இந்த வழி உரியதாயிற்று. ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு மாட்சன் வாங்கிய ‘ஃபால்ஸ் ஆஃப் கிளைட்’ கப்பல், 1900இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தனிச் சட்டத்தால் அப்பதிவைப் பெற்றது. ஹிலோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே அது அறுபதுக்கும் மேற்பட்ட பயணங்களை மேற்கொண்டு, திரும்பும்போது சர்க்கரை ஏற்றிவந்தது.

நிறுவனமும் எண்ணெயும்

1901இல் மாட்சன் நேவிகேஷன் கம்பெனி சான் பிரான்சிஸ்கோவில் பதிவாயிற்று. பாய்மரங்களோடு வளர்ந்தவராயினும் மாட்சன் புதுமைக்கு அஞ்சவில்லை. ‘ரோடரிக் டூ’ என்ற அவருடைய பாய்மரக் கப்பலில் குளிர்பதன அறையும் மின்விளக்குகளும் இருந்தன. நிறுவனத்தின் முதல் நீராவிக் கப்பலான ‘என்டர்பிரைஸ்’, பசிபிக் கடலில் நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரித்து ஓடிய முதல் நெடுந்தூரக் கப்பலாகக் கூறப்படுகிறது.

கலிபோர்னியாவில் நல்ல நிலக்கரி அரிது. எண்ணெயோ அப்போதுதான் பெருமளவில் கிடைக்கத் தொடங்கியிருந்தது. எண்ணெய் எரித்தால் கொதிகலனுக்கு ஆள் குறைவு. எரிபொருளுக்கு இடமும் குறைவு. இந்தக் கணக்கை உணர்ந்த மாட்சன், எண்ணெய் வயல்களிலும் குழாய்ப் பாதையிலும் முதலிட்டார். 1910இல் உருவான ஹொனலூலு கன்சாலிடேட்டட் ஆயில் கம்பெனியிலும் அவருக்கு முதன்மைப் பங்கு இருந்தது.

பயணிகள் கப்பல்கள்

ஹவாயின் பெரும் சர்க்கரை வணிக நிறுவனங்களுள் ஒன்றான காசில் அண்ட் குக் 1907இல் மாட்சனின் முகவரானது. அதனால் ஹொனலூலு துறைமுகத்தில் அவருடைய கால் வலுவாக ஊன்றியது. 1908இல் வந்த நீராவிக் கப்பலான ‘லர்லைன்’ சரக்கோடு 51 பயணிகளையும், 1910இல் வந்த ‘வில்ஹெல்மினா’ 146 பயணிகளையும் ஏற்றின. 1913இல் ‘மாட்சோனியா’, 1917இல் ‘மாவி’ ஆகியவை சேர்ந்தன. சரக்கு வருவாயை அடித்தளமாகக் கொண்டே ஹவாய்ச் சுற்றுலாவுக்கு அவர் வழி திறந்தார்.

குடும்பமும் மறைவுக்குப் பின்னும்

மாட்சனின் மனைவி லில்லி லோ. அவர்களுடைய மகளின் பெயரும் லர்லைன்தான். மகளை மணந்த வில்லியம் ராத் 1927இல் நிறுவனத் தலைவரானார். அதே ஆண்டில் ‘மாலோலோ’ என்ற சொகுசுக் கப்பலும், வைகிகி கடற்கரையில் ராயல் ஹவாயன் ஹோட்டலும் இயங்கத் தொடங்கின. கலிபோர்னியாவில் தாம் வாழ்ந்த ஃபிலோலி மாளிகையையும் அதன் தோட்டத்தையும் லர்லைன் 1975இல் தேசிய மரபுப் பாதுகாப்பு அமைப்புக்கு வழங்கினார்.

1958 ஆகஸ்ட் 31இல் மாட்சன் நிறுவனத்தின் ‘ஹவாயன் மெர்ச்சன்ட்’ கப்பல் 20 கொள்கலன்களைத் தளத்தில் ஏற்றிப் புறப்பட்டது. பசிபிக் கடலில் கொள்கலன் போக்குவரத்தின் தொடக்கங்களுள் அது ஒன்று.

மாட்சனின் வெற்றிக்கு ஆதரவாளர்களின் பணமும் சர்க்கரையின் செழிப்பும் துணைநின்றன. ஆனால் அதே வாய்ப்பைப் பெற்ற வேறு கப்பல்காரர்களும் அங்கு இருந்தனர். பல திசைகளில் அகலக்கால் வைக்காமல், சரக்கு, எரிபொருள், பயணி ஆகிய மூன்றையும் ஒரே கடல்வழிக்குப் பொருந்த அமைத்ததே மாட்சனின் தனித்திறன். அவர் தொடங்கிய நிறுவனம் ஹவாய் வழியில் இன்றும் சரக்குக் கப்பல்களை இயக்கிவருகிறது.